கற்பகவல்லியின் கணவன் எங்கே போனான்

ரவிச்சந்திரன் அழுதுகொண்டே நடைப்பயிற்சியிலிருந்து திரும்பிய அன்றுதான் ஷோபனாவுக்கு விஷயம் எவ்வளவு தூரம் கைமீறிப் போய்விட்டது என்பது உறைத்தது.

மனுஷர் லேசில் அழுகிற ஆள் இல்லை. பெற்ற தாய் செத்துக் கிடந்தபோது ஐஸ் பெட்டிக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தவர். மனைவி எழுதிய பதினோரு நாவல்களில் ஒன்றைக்கூட நாற்பதாம் பக்கம் தாண்டிப் படித்ததில்லை. கேட்டால், "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வறட்சியா இருக்கு" என்பார். அந்த வறட்சிக்குத்தான் அவளுக்கு விருதுகள் வந்தன. கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். 'ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் துக்கத்தை எழுதத் தெரிந்தவர்' என்று அவளைப் பற்றி யாரோ ஒரு பேராசிரியர் எழுதியதைத்தான் எல்லா மேடையிலும் திருப்பித் திருப்பிப் படித்து அறிமுகம் செய்வார்கள்.

ரவிச்சந்திரன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, மூக்கைத் துடைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"ஏன் ஷோபா, பதினேழு வயசுல இப்படி எழுதினவ, அப்புறம் ஏன் அந்த மாதிரி ஆயிட்டே?"

"எந்த மாதிரி?"

"இப்ப எழுதறியே, அந்த மாதிரி."

திருவேற்காட்டில் அந்த அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், காலை ஏழரை மணிக்கு, காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழின் முக்கியமான நாவலாசிரியை அவருக்குக் கொண்டுவந்த காபியைத் தானே குடித்தாள். அவர் அழுதது 'கண்ணீரில் கரைந்த கற்பகவல்லி'க்காக. அது அவள் எழுதியதுதான். ஆனால் யாரும் அழுவதற்காக எழுதியதில்லை. அழுகிறவர்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பதற்காக எழுதியது.

கதை எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக்காரர்களின் குவார்ட்டர்ஸ். ஷோபனாவின் அப்பா பூபாலன் அங்கே ஃபிட்டர். ஒரு பிளாக்குக்கு எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் சேர்த்து வாரப் பத்திரிகை ஒன்றுதான் வரும். முறை வைத்துச் சுற்றும். கடைசியாகப் படிப்பவள் கமலம். அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த பெண். அவள் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து, அடுக்கி, சாக்கு ஊசியால் தைத்து, பழுப்புக் காகித அட்டை போட்டு, பைண்டு பண்ணிவிடுவாள். பிறகு அந்த பைண்டு அதே எட்டு வீட்டுக்கும் இன்னொரு சுற்றுப் போகும். நடுவில் ஒரு வார இதழ் காணாமல் போவது சகஜம். யாராவது ஊருக்குப் போகிறபோது ரயிலில் படிக்க எடுத்துப் போய்விடுவார்கள். அப்போது வேறு பிளாக்கில் இதழைக் கடன் வாங்கி, அந்த அத்தியாயத்தைக் கையால் எழுதி, இடையில் சேர்த்துத் தைப்பார்கள். ஆகவே எந்த பைண்டைத் திறந்தாலும் நாலு பக்கம் அச்சும் எட்டுப் பக்கம் யாரோ ஒருத்தர் கையெழுத்துமாகத்தான் இருக்கும். கையெழுத்தில் இருப்பதால் அது உண்மையான கதை இல்லை என்று அந்தக் குவார்ட்டர்ஸில் ஒருத்தருக்கும் தோன்றாது.

இந்தப் பழக்கத்தில்தான் இரண்டு பெண்கள் விளையாடினார்கள். ஒருத்தி ஷோபனா. இன்னொருத்தி எதிர்வீட்டுக் கன்னியம்மா. எண்பத்து நாலாம் வருஷம், பிளஸ் டூ பரீட்சை முடிந்த கோடை விடுமுறை. அந்தக் காலத் தொடர்கதைகளில் பெண்கள் எதற்கெடுத்தாலும் மயங்கி விழுந்தார்கள், ரத்த ரத்தமாக இருமினார்கள், மச்சத்தைப் பார்த்துத் தங்கையை அடையாளம் கண்டுபிடித்தார்கள். பிளாக்கில் இருந்த அத்தனை பெண்களும் அதைப் படித்து மூக்கைச் சிந்தினார்கள். இவர்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, லாங் சைஸ் தாளில் பதினாலு அத்தியாயம் எழுதினார்கள். ஷோபனா எழுதுவாள், கன்னியம்மா யோசனை சொல்லுவாள், சிரிப்பாள்.

'கற்பகவல்லி மயங்கினாள். மயக்கம் தெளிந்தது. தெளிந்துவிட்டதே என்ற துக்கம் தாளாமல் மறுபடி மயங்கினாள்.' முதல் அத்தியாயமே இப்படித்தான். தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டிய அந்நியனை அவள் அந்தத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கல்யாணம் செய்துகொண்டாள். மாமனார் அவளை மழை வருகிற வரைக்கும் காத்திருந்து வீட்டை விட்டுத் துரத்தினார். கடைசியில் மூன்று பக்கத்துக்கு வசனம் பேசிவிட்டு, 'பேச்சு வராமல்' செத்துப் போனாள்.

"வேற பிளாக்குல ஒரு அக்கா பழைய பத்திரிகையிலேர்ந்து எழுதி வச்சிருந்தாங்க" என்று சொல்லிக் கமலத்திடம் கொடுத்தார்கள். கமலம் பைண்டு பண்ணினாள். எட்டு வீட்டுப் பெண்களும் படித்தார்கள். எட்டு வீட்டிலும் அழுதார்கள். தொட்டி நிழலில் இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள். ஷோபனா தன் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதவில்லை, எந்த நாவலையும்.

கமலம் இதே எழுத்தாளர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்ததில், கன்னியம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "நம்ம ஷோபாதான் எழுதுச்சு" என்று உளறிவிட்டாள். கமலம் ஓடிவந்து ஷோபனாவைக் கட்டிக்கொண்டாள். "இவ்வளவு சின்ன வயசுல உனக்கு எப்படிடி இவ்வளவு துக்கம் தெரிஞ்சது?" என்று கேட்டு அழுதாள். கட்டிக்கொண்டு அழுகிறவளிடம், உன்னைக் கேலி செய்யத்தான் எழுதினோம் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. கமலம் அட்டையில் 'எழுதியவர்: பூ. ஷோபனா' என்று எழுதி வைத்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது.

முடிந்தது என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் கமலம் காலமானாள். அவள் மகன் நிர்மல் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஓய்வு நேரத்தில் கதைகளை வாசித்து யூடியூபில் போடுகிறவன். நல்ல குரல், தழுதழுப்பது மாதிரியே இருக்கும். அம்மாவின் பரணைக் காலி செய்தபோது பைண்டு கிடைத்தது. ஷோபனாவுக்குப் போன் செய்தான்.

"மேடம், உங்க பழைய கதை ஒண்ணு எங்க அம்மா வச்சிருந்தாங்க. சேனல்ல படிக்கட்டுமா?"

மாதத்துக்கு நாலு பேர் இப்படிக் கேட்கிறார்கள். எந்தக் கதை என்று அவள் கேட்கவில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. "படிங்க தம்பி" என்றாள்.

இரண்டு மாதத்தில் பதினாலு அத்தியாயமும் வெளிவந்து, பல லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். அலுவலக பஸ்ஸில் கேட்டார்கள், துணி மடித்துக்கொண்டு கேட்டார்கள். துபாயிலிருந்து ஒருவர், மனைவியுடன் இருந்த மனஸ்தாபம் இந்தக் கதையால் தீர்ந்தது என்று எழுதினார். ஷோபனா முதலில் சிரித்தாள். பிறகு முகநூலில் ஒரு குறிப்புப் போட்டாள்: அது பகடி, சிறுபிள்ளைத்தனமாக எழுதியது, தயவுசெய்து அழ வேண்டாம். ஆயிரத்துக்கும் மேல் பதில் வந்தது. 'உங்கள் தன்னடக்கம் கண்கலங்க வைக்கிறது அம்மா.' 'வலியைச் சிரிப்பால் மறைக்கப் பார்க்கிறீர்கள்.' அந்தப் பழைய பேராசிரியரே ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாத அந்த உரைநடைக்கு அடியில் இவ்வளவு நாள் தேங்கிக் கிடந்த நீர் இதுதான் என்றார். பாவி மனுஷன்.

இப்போது அதைப் புத்தகமாகவும் போடுகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. சேனலின் நேயர்கள் நானூறு பேர் வருகிறார்கள். பின்னட்டையில் 'பெண்ணின் கண்ணீருக்குக் காலம் இல்லை' என்று அச்சாகிவிட்டது. முன்னுரையிலாவது இது பகடி என்று போடச் சொல்லி ஷோபனா நிர்மலிடம் கெஞ்சினாள்.

"மேடம், நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நானே நம்பல. எங்கம்மா அந்த பைண்டைத் தலைமாட்டுல வச்சிருந்தாங்க" என்றான் அவன். குரலில் மரியாதை குறையவில்லை. "அப்ப உங்ககூட இருந்தவங்க யாராவது வந்து, தமாஷுக்குத்தான் எழுதினோம்னு சொல்லட்டும். மேடையிலயே சொல்லட்டும். நானே மைக் குடுக்கறேன்."

கூட இருந்தவள் ஒருத்திதான். அவளைப் பார்த்தே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கன்னியம்மாவின் கல்யாணத்துக்குப் போனது, அப்புறம் ஒரு முறை பூந்தமல்லி பஸ் நிலையத்தில் கைக்குழந்தையோடு பார்த்தது. போன் நம்பர்கூட இல்லை. கிடைத்த விதம் வேடிக்கை. ஆறாம் அத்தியாயத்தின் கீழே பவ்யா என்ற பெண் எழுதியிருந்தாள்: 'எங்க அம்மா கன்னியம்மா இந்த எழுத்தாளரோட ஃபிரண்டு. இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் தினமும் கேட்பாங்க.'

ஷோபனாவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. தினமும் கேட்கிறாளாம்! உலகத்தில் இன்னும் ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது கண்ணே கலங்கிவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லி அந்தப் பவ்யாவிடம் முகவரி வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை காலை ஆட்டோ பிடித்துக் குமணன்சாவடிக்குப் போனாள்.

சாலைச் சந்திப்புக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி வீடு. வாசலில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று சாக்பீஸால் எழுதிய சிலேட்டு. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மா கையெல்லாம் மாவோடு எட்டிப் பார்த்தாள். இளைத்திருந்தாள். முன்பல் ஒன்று இல்லை. ஆனால் அதே முகம்.

"யாரு?... அடிப்பாவி! ஷோபாவா?"

"நான்தான் கன்னி."

"வா வா, உள்ள வா. இன்னாமே இப்பிடி வெயிட்டு போட்டுக்கினே? டிவில பாக்க சொல்லோ ஒல்லியா கீறே." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் இருந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "குந்து. பவ்யா வேலைக்குப் பூட்டா. அவ இருந்தா துள்ளிக் குதிச்சிருப்பா. எங்கம்மா ஃபிரண்டு எங்கம்மா ஃபிரண்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா."

டீ போட்டாள். பழைய பிளாக்கைப் பற்றிப் பேசினார்கள், யார் இருக்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று. பத்து நிமிஷத்துக்கு மேல் ஷோபனாவால் பொறுக்க முடியவில்லை. விஷயத்தைக் கொட்டினாள். ரவிச்சந்திரன் அழுதது, துபாய்க்காரர், பேராசிரியர், பின்னட்டை, எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது. கன்னியம்மாவும் சிரிப்பாள், இரண்டு பேரும் பழையபடி வயிற்றைப் பிடித்துக்கொள்வோம் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். கன்னியம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிரிக்கவில்லை.

"அதான் கன்னி, ஞாயித்துக்கிழமை நீ வந்து நாலு வார்த்தை சொல்லணும். நாம விளையாட்டுக்குத்தான் எழுதினோம்னு. அது போதும். இல்லேன்னா இந்தப் புஸ்தகம் என் பேர்ல நின்னுடும். நான் செத்தாலும் இதைத்தான் சொல்லுவாங்க."

"அதுக்கின்னா, வர்றேன். சொன்னா போச்சு. தமாசுக்கு எழுதனதுதானே." கன்னியம்மா கிரைண்டரை நிறுத்தினாள். அறை சட்டென்று அமைதியானது. "ஆறாவது அத்தியாயம் ஞாபகம் கீதா உனக்கு?"

"தீப்பெட்டி."

"ம். தீப்பொட்டி."

'தீப்பெட்டி வாங்கி வருகிறேன் கண்ணே என்று சொல்லிவிட்டு சுந்தரேசன் தெருவில் இறங்கினான். அவள் காத்திருந்தாள். அடுப்பு காத்திருந்தது. ஏழு ஆண்டுகள் உருண்டோடின. அடுப்பு அணையவே இல்லை. ஏனென்றால் அது இன்னும் பற்றவைக்கப்படவில்லை.' ஷோபனாவுக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது. அந்தக் கதையிலேயே அவர்களை அதிகம் சிரிக்க வைத்த இடம்.

"அந்த ஐடியா என்னுது" என்றாள் கன்னியம்மா. "நீ எழுத மாட்டேன்னே. புருஷன் ஊட்டவுட்டுப் போனா காரணம் வேணும்னே. நான்தான் சொன்னேன், காரணம் எதுக்குடி, இந்தக் கதைங்கள்ல எவனுக்குக் காரணம் கீது, சும்மா பூட்டான்னு எழுதுன்னு. நீ விழுந்து விழுந்து சிரிச்சே."

"ஆமா."

"எங்கூட்டுக்காரு தெரியுமில்ல? உத்தமன். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து கம்பெனில இருந்தாரு. கல்யாணத்துல நீ பாத்துக்கீறே." கன்னியம்மா மாவை வழித்துக் குண்டானில் போட்டுக்கொண்டே பேசினாள். "பதினோரு வருசம் ஆவுது, ஆடி வந்தா பன்னெண்டு. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தயிரு வாங்கிகினு வரேன்னு போனாரு. ஊட்டுச் செருப்போட போனாரு. செல்லு சார்ஜில கெடந்துச்சு. அவ்ளோதான்."

ஷோபனாவின் கையில் டீ இருந்தது. அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"போலீஸ்ல சொன்னியா?"

"எல்லாம் சொன்னோம். ஆசுபத்திரி எல்லாம் பாத்தோம். பொணக் கெடங்குகூட உடல. திருப்பதில பாத்தேன்னு ஒர்த்தன் சொன்னான், அங்க போனோம். கடன் இல்ல, குடி இல்ல, வேற பொம்பள இல்ல. அன்னிக்குச் சண்டகூட இல்ல ஷோபா. சண்ட கிண்ட போட்டிருந்தா, அதுதான் காரணம்னு ஒண்ணு கெடச்சிருக்கும்."

அழாமல்தான் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் துக்கத்தைச் சொல்லுகிற வித்தை அவளுக்கும் தெரிந்திருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன் தொட்டி நிழலில் அந்த வரியை எழுதிய கை தன்னுடையது என்பது ஷோபனாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அது வெறும் தற்செயல், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புத்தி சொன்னது. சொல்லி என்ன பிரயோஜனம்?

"பவ்யா ஒருநாள் செல்லுல போட்டு உட்டா, கேளும்மான்னு. எனக்குத் தெரியும், நம்ம எழுதனது, தமாசு. சிரிக்கலாம்னுதான் குந்திக்கினு கேட்டேன். ஆறாவது வந்துச்சு. அப்பலேர்ந்து தெனம் கேக்கறேன். எதுக்குக் கேக்கறேன் தெரியுமா? எங்கியாவது ஒரு வார்த்த உட்டுட்டோமா, எங்க போனான்னு எங்கியாவது எழுதி வச்சிக்கீறோமான்னு." கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எங்க ஷோபா பூட்டான் அவன்?"

"யாரு?"

"கதைல கீறவன்தான். சுந்தரேசன்."

"நாம அதை யோசிக்கவே இல்லியே, கன்னி."

"இப்ப யோசி. நீ இத்தினி புக்கு எழுதிக்கீறே. ஒனக்குத் தெரியாதா?"

ஷோபனாவுக்குத் தெரியவில்லை. அவளுடைய நாவல்களிலும் ஆட்கள் கிளம்பிப் போவார்கள், ஏன் என்று சொல்ல மாட்டாள். சொல்லாமல் விட்ட இடங்களைத்தான் விமர்சகர்கள் தேடித் தேடிப் பாராட்டினார்கள். வாழ்க்கையில் காரணங்கள் தெரிவதில்லை என்று பேட்டிகளில் எத்தனை முறை சொல்லியிருப்பாள். அதை இங்கே, இந்த முகத்தைப் பார்த்து, சொல்ல வாய் வரவில்லை. சும்மா இருந்துவிடலாம் என்றால் கன்னியம்மா பார்வையை எடுக்கவே இல்லை.

"அடிபட்டிருக்கும்" என்றாள் ஷோபனா. "தலையில. ஞாபகம் போயிருக்கும். இல்லேன்னா வந்திருப்பான்."

சொல்லும்போதே கூசியது. அந்தக் கோடையில், பதினாலு அத்தியாயத்திலும், இது ரொம்ப மட்டம், இதைக் கேலி செய்தால் கேலிக்கே அவமானம் என்று சொல்லி இரண்டு பேரும் ஒதுக்கிய ஒரே சங்கதி தலையில் அடிபட்டு ஞாபகம் போவதுதான்.

கன்னியம்மா அதை மெல்ல யோசித்தாள். "ஞாபகம் பூட்சின்னா, ஊடு எங்க கீதுன்னு தெரியாது."

"தெரியாது."

"அவன் பேருகூட?"

"பேரும்தான்."

"பசிக்குமே. அதுக்கு இன்னா பண்ணுவான்?"

"ஏதாவது கோயில்ல சாப்பாடு போடுவாங்க. அங்கேயே இருந்துடுவான். வயசான ஒரு புருஷன் பெஞ்சாதி, பிள்ளை இல்லாதவங்க, கூட்டிட்டுப் போய் வீட்டோட வச்சுப்பாங்க." நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் அதற்கு முந்தியதைவிட மோசமாக இருந்தது. ஒவ்வொன்றையும் கன்னியம்மா வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நல்லா பாத்துக்குவாங்களா?"

"சொந்தப் பிள்ளை மாதிரி."

"அவனுக்கு ஷுகர் கீது" என்றாள் கன்னியம்மா. சுந்தரேசனுக்குச் சர்க்கரை வியாதி என்று பதினாலு அத்தியாயத்தில் எங்கேயும் இல்லை.

"அந்தக் கிழவர் வைத்தியர், கன்னி. மருந்து குடுப்பார்."

கன்னியம்மா தலையாட்டினாள். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இத்த எழுது ஷோபா. வாயில சொன்னா நிக்க மாட்டேங்குது, காத்தோட பூடுது. எழுதி, அந்தத் தம்பி கொரல்ல படிச்சாத்தான் எனக்கு நெசமா இருக்கும். அவன் ஞாபகம் வந்து திரும்பி வர்றவரைக்கும் எழுது." ஷோபனாவின் தோளைத் தொட்டாள். "ஞாயித்துக்கெழம வந்து சொல்லிடறேன். நீ ஒண்ணியும் கவலப்படாத. சொன்னா சொன்னதுதான்."

வேண்டாம், நீ வர வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள் ஷோபனா. அதைச் சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். மாவு பாக்கெட் ஒன்றைக் கையில் திணித்து கன்னியம்மா ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாளும் ஷோபனா மேஜை முன்னால் உட்கார்ந்தாள். 'சுந்தரேசன் கண் விழித்தபோது' என்று எழுதினாள். அதற்கு மேல் ஓடவில்லை. கேலியாக எழுதியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பாள். தன் வழக்கப்படி எழுதினால் அவன் செத்துத்தான் போயிருப்பான், அதையும் சொல்லாமல் விட்டிருப்பாள். நிஜமாக ஒருத்தி நம்புகிற மாதிரி, கூச்சமில்லாமல், அவனைக் கைபிடித்து வீடு வரைக்கும் கூட்டிவர அவளுக்குத் தெரியவில்லை. தான் ஏளனம் செய்த அந்தத் தொடர்கதைக்காரர்கள் வாராவாரம் அதைச் செய்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்று கேட்க அவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. ரவிச்சந்திரன் எட்டிப் பார்த்து, "என்ன, வறட்சியா இருக்கா?" என்றார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்பதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கன்னியம்மா மூன்றாவது வரிசையில் பட்டுப் புடவையில் பவ்யாவோடு உட்கார்ந்திருந்தாள். புத்தகம் வெளியிட்டார்கள். பேராசிரியர் தேங்கிய நீரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு நிர்மல், சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று, எழுத்தாளரோடு அந்தக் காலத்தில் கூட இருந்த தோழி இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தான்.

கன்னியம்மா மேடையேறினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் ஷோபனா ஆட்டோ பிடித்துப் போனாள். இப்போது இது நடக்காமல் போனால் தேவலை என்று இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். ஷோபா சொல்றது நெசந்தான். இது தமாசுக்கு எழுதனது. நான் பக்கத்துல குந்திக்கினு இருந்தேன். அழுவறவங்களப் பாத்து சிரிக்கறதுக்குன்னே எழுதனோம்."

முன்வரிசையில் ஒரு பெண் கையிலிருந்த கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பேராசிரியர் கூரையைப் பார்த்தார். ஷோபனாவின் பெயர் அவளுக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. முழுசாக ஒரு நிமிஷம் அது அவளிடம் இருந்தது.

"ஆனா அந்த வயசுல எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள் கன்னியம்மா. "அதனாலதான் அவன் எங்க போனான்னு எழுதாம உட்டுட்டோம். தப்புதான். இப்ப அத்த எழுதிக்கினு கீறா. அவனுக்குத் தலையில அடிபட்டு ஞாபகம் பூட்சு. ஒரு நல்லவங்க ஊட்டுல கீறான். வேளைக்குச் சாப்புடறான், மருந்து துன்றான். சீக்கிரம் வந்துருவான். இது தமாசு இல்ல."

மண்டபம் கையைத் தட்டித் தீர்த்தது. எழுந்து நின்று தட்டினார்கள். மடித்து வைத்த கைக்குட்டை மறுபடி வெளியே வந்தது. நிர்மல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை ஷோபனாவின் முன்னால் நீட்டினான். "மேடம், உண்மையா? ரெண்டாம் பாகமா?"

இல்லை என்று சொல்லலாம். எனக்கு எழுத வரவில்லை என்று உண்மையைச் சொல்லலாம். பக்கத்தில் கன்னியம்மா, அந்த நானூறு பேரில் ஒருத்தரும் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்" என்றாள் ஷோபனா. "எழுதுகிறேன்."

கைதட்டல் அடங்கவில்லை. அந்தச் சத்தத்தில் கன்னியம்மா அவள் காதருகே குனிந்தாள்.

"ஆடிக்குள்ள முடிச்சிருவியா?"

"முடிச்சிடறேன் கன்னி."

"சரி" என்று சொல்லிவிட்டு, கன்னியம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜாக்கிரதையாகப் படியிறங்கி, மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.